சின்ன வெட்டா, நான்கு சுரப்பியையும் பார்ப்பதா, பொறுத்திருப்பதா? திருகோணமலையிலிருந்து பராதைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

மாதக் கணக்காகக் களைப்பு, நாரி நோவு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல் என்று அலைந்த பிறகு, ஒரு இரத்தப் பரிசோதனையில் கல்சியமும், கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் சுரக்கும் பி.ரி.எச். ஓமோனும் கூடியிருப்பதாகத் தெரியவருகிறது. பிறகு ஒரு வைத்தியர் ஸ்கான் எடுத்து, அந்தச் சுரப்பிகளில் பெருத்திருக்கும் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் கழுத்தைத் திறந்து நான்கையும் பார்க்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் இப்போதைக்கு மாத்திரையோடு இருங்கள் என்கிறார். மூன்று கடிதத்தையும் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு "மிஸ், எதைச் செய்யிறது?" என்று கேட்பவர்கள் உப்புவெளியிலும் இருக்கிறார்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சை வார்ட்டில் வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகியது. வாய்ப்பேச்சில் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாததால் எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் வைத்தியரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போவதற்கு இது உதவும்.

என்ன நடக்கிறது, அது உறுதிதானா

பராதைரொயிட் சுரப்பிகள் பெரும்பாலானவர்களுக்கு நான்கு. தைரொயிட்டின் பின்பக்கமாக, அரிசிமணி அளவில் இருக்கும். பெயர் ஒட்டியிருந்தாலும் தைரொயிட்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் சம்பந்தமில்லை. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் பி.ரி.எச்.ஐச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்துச் சமன் செய்வதே இவற்றின் தொழில். ஒன்று பெருத்து, நிறுத்தாமல் சுரக்கத் தொடங்கினால் எலும்பு மெலியும், கல்சியம் இரத்தத்தில் ஏறும், சிறுநீரில் கொட்டும், கல்லாகும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெருத்திருப்பது ஒரே ஒரு சுரப்பிதான். மீதிப் பேரில் இரண்டோ, நான்குமோ பெருத்திருக்கும். புற்றுநோய் மிக அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு, கூடுதலாக வருகிறது.

நம் பக்கத்தில் கல் என்றதும் கிணற்றுத் தண்ணீரைப் பழி சொல்லி விட்டுவிடுகிறோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பு காய்ந்து கல் வருவது உண்மைதான். ஆனால் இரண்டாம் முறையும் கல் வந்தவருக்கு இரத்தக் கல்சியம் பார்க்காமல் விடக்கூடாது. அது விலை குறைந்த பரிசோதனை.

சத்திரசிகிச்சையின் வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நோய் உறுதியாக வேண்டும். கல்சியம் ஒரு முறை கூடியது போதாது, இரண்டு முறையாவது கூட இருக்க வேண்டும். அல்புமின் என்ற இரத்தப் புரதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண எல்லை லீற்றருக்கு ஏறத்தாழ 2.2 முதல் 2.6 மில்லிமோல், சில ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்று எழுதும். பி.ரி.எச். அறிக்கையில் "சாதாரணம்" என்று வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். கல்சியம் கூடியிருக்கும்போது பி.ரி.எச். அடங்கிப்போயிருக்க வேண்டும். அடங்காமல் நடு அளவில் நிற்பதும் இதே நோயின் அடையாளம்தான்.

பி.ரி.எச்.க்காக எடுத்த இரத்தம் வெயிலில் கிடந்தால் அளவு கெடும். இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற ஆய்வுகூடமாக இருந்தால், ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்துக் குளிரில் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், சில பரிசோதனை முறைகளில் அது அளவைப் பொய்யாகக் காட்டும். லிதியம் மாத்திரையும், பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் வகை மாத்திரையும் கல்சியத்தைக் கூட்டக்கூடியவை.

24 மணிநேரச் சிறுநீரில் கல்சியம் பார்க்கச் சொன்னால் அலுப்பாக இருக்கிறதென்று தவிர்க்காதீர்கள். குடும்பவழியாக வரும் ஒரு நிலை இருக்கிறது. அதில் இரத்தக் கல்சியம் கூடியிருக்கும், சிறுநீரில் மட்டும் மிகக் குறைவாகப் போகும். அவர்களுக்குச் சத்திரசிகிச்சை எந்தப் பலனும் தராது. அந்த ஒரு போத்தல் சிறுநீர் தேவையில்லாத கழுத்து வெட்டிலிருந்து காப்பாற்றுகிறது.

எதை வைத்து நிறுக்க வேண்டும்

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். நோய் நிரந்தரமாகத் தீரும் வாய்ப்பு எவ்வளவு. முதல் முறை தவறினால் என்ன ஆகும். குரல் நரம்புக்கும் மீதிச் சுரப்பிகளுக்கும் ஆபத்து எவ்வளவு. பயணம், துணைக்கு நிற்பவரின் கூலி, தங்குமிடம் எல்லாம் சேர்த்து உண்மைச் செலவு எவ்வளவு. ஊருக்கு வந்த முதல் கிழமையில் கல்சியத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறதா.

வெட்டின் நீளத்தை நான் இந்த ஐந்துக்குள் சேர்க்கவில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டு அங்குலத் தழும்பு ஆறு மாதத்தில் கழுத்து மடிப்புக்குள் மறைந்துவிடும். தேடியது கிடைக்காத சத்திரசிகிச்சை ஆயுளுக்கும் பின்தொடரும். தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் மட்டும் அதை வைத்தியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

வழி ஒன்று: வெட்டாமல் கண்காணிப்பது

தொந்தரவே இல்லாத, வேறு காரணத்துக்காகப் பரிசோதித்தபோது தற்செயலாகத் தெரிய வந்தவர்களுக்கு இது மதிப்பான தெரிவு. யார் பொறுத்திருக்கக்கூடாது என்பதில் சர்வதேச வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது. கல்சியம் சாதாரண மேல் எல்லையைவிட 0.25 மில்லிமோலுக்கு மேல் கூடியவர்கள். எலும்பு அடர்த்தி ஸ்கானில் ரி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே போனவர்கள். முள்ளந்தண்டில் முறிவு கண்டவர்கள். சிறுநீரகத்தில் கல் இருப்பவர்கள், அது இன்னும் நோகாமல் ஸ்கானில் மட்டும் தெரிந்தாலும்கூட. சிறுநீரக வடிகட்டல் வேகம் (அறிக்கையில் eGFR) 60க்குக் கீழே இறங்கியவர்கள். 50 வயதுக்குக் குறைந்தவர்கள். இதில் ஒன்று பொருந்தினாலும் சத்திரசிகிச்சைப் பக்கம் தராசு சாயும். கல்லால் அவதிப்படுகிறவருக்குப் பொறுத்திருப்பது ஒரு தெரிவே அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாத்திரையால் தீர்த்துவிடலாமா? சினாகல்செட் கல்சியத்தை இறக்கும், எலும்பைத் திருத்தாது. குமட்டல் பலருக்கு உண்டு, நிறுத்தினால் கல்சியம் திரும்ப ஏறும், விலையும் கூட. அலென்ட்ரோனேட் போன்றவை எலும்பைக் கட்டும், கல்சியத்தைத் தொடர்ந்து இறக்கி வைக்காது. நோயை வேரோடு எடுக்கும் மாத்திரை இன்னும் இல்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு பல வருடங்களில் சேரும். ஒவ்வொரு வருடமும் கல்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும், ஓரிரு வருடத்துக்கொரு முறை எலும்பு ஸ்கானும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேலையும். 15 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொந்தரவு இல்லாமல் தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு நோய் முற்றியது. எனவே "விட்டுவிடுவது" வேறு, "கண்காணிப்பது" வேறு. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போக முடியாது என்று தெரிந்தவர், மாதக் கணக்கில் கடலில் நிற்கிறவரோ வெளிநாட்டு வேலைக்குப் போகப்போகிறவரோ, இந்த வழியைத் தெரிவு செய்யக்கூடாது.

பொறுத்திருக்கிறவர்கள் செய்யும் ஒரு தவறான காரியம் சாப்பாட்டில் கல்சியத்தை வெட்டுவது. பால் வேண்டாம், நெத்தலி வேண்டாம், முருங்கையிலை வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். சாப்பாட்டில் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமாகச் சுரந்து எலும்பிலிருந்துதான் எடுக்கும். சாதாரண அளவு சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் தாராளமாக வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் கல்சியம் வேகமாக ஏறும், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நோன்பு பிடிக்கிறவர்கள் ரமழானுக்கு முன்னரே கிளினிக்கில் பேசுங்கள். கல்சியம் மிகக் கூடியிருப்பவர் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது ஆபத்து.

வழி இரண்டு: ஒரே சுரப்பியை நோக்கிப் போகும் சின்ன வெட்டு

முதலில் ஸ்கான். அல்ட்ராசவுண்ட் ஒன்று, செஸ்டமிபி என்ற அணுமருத்துவ ஸ்கான் ஒன்று. சில இடங்களில் கட்டம் கட்டமாக எடுக்கும் சி.ரி. ஸ்கானும் உண்டு. பெருத்த சுரப்பி எங்கே என்று தெரிந்துவிட்டால் 2 முதல் 3 சென்றிமீற்றர் வெட்டில் நேரே அங்கே போய் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். கழுத்து நரம்புகளை மட்டும் விறைக்கச் செய்தும் இதைச் செய்ய முடியும், அதனால் இருதயம், நுரையீரல் பலவீனமான வயோதிபர்களுக்கு இது பெரிய ஆறுதல். மற்றப் பக்கத்தைத் தொடுவதே இல்லை என்பதால் அந்தப் பக்கத்து நரம்புக்கும் சுரப்பிகளுக்கும் ஆபத்தில்லை.

எடுத்தது சரியான சுரப்பிதானா, இன்னொன்றும் ஒளிந்திருக்கிறதா என்று மேசையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பி.ரி.எச். இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். சுரப்பியை எடுத்துப் பத்து நிமிடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொன்று இருக்கிறது, தொடர்ந்து தேட வேண்டும். இந்த உடனடிப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில், இரண்டு வேறு வகை ஸ்கானும் ஒரே இடத்தைக் காட்டினால் வெற்றி வாய்ப்பு அப்போதும் உயர்வாகவே இருக்கும். ஒரு ஸ்கான் மட்டும் காட்டியது, மற்றது காட்டவில்லை, மேசையில் பி.ரி.எச். பார்க்கவும் வசதி இல்லை என்றால், சின்ன வெட்டுக்கு நான் சம்மதிக்கத் தயங்குவேன்.

இதன் மறைமுகச் செலவு ஸ்கானில் இருக்கிறது. செஸ்டமிபி ஸ்கான் திருகோணமலையில் எடுத்துக்கொள்ளும் காரியம் அல்ல. அதற்கென்று தனிப் பயணம், முதல் படமும் இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னொரு படமும் என்று அரைநாள் காத்திருப்பு, தனியாரில் என்றால் தனிக் கட்டணம். அல்ட்ராசவுண்ட் எடுப்பவரின் கையைப் பொறுத்தது. தைரொயிட் பார்ப்பதில் தேர்ந்தவர் எல்லோரும் பராதைரொயிட் தேடுவதில் தேர்ந்தவர் அல்ல. உள்ளூரில் எடுத்த அறிக்கையில் "ஒன்றும் தெரியவில்லை" என்று இருந்தால், சத்திரசிகிச்சை செய்யும் இடத்தில் திரும்ப எடுக்கத்தான் சொல்வார்கள்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நோயைச் சொல்வது இரத்தம். ஸ்கான் சத்திரசிகிச்சை நிபுணருக்கு வழி காட்ட மட்டுமே. ஸ்கான் தெளிவாக வரவில்லை என்பதற்காகச் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று கைவிட்டு, மூன்றாம் நான்காம் கல்லோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

யாருக்குப் பொருத்தம்: இரண்டு ஸ்கானும் ஒரே இடத்தைக் காட்டியவருக்கு, வயோதிபருக்கு, கழுத்தின் மறுபக்கத்தில் முன்னமே சத்திரசிகிச்சை நடந்தவருக்கு.

வழி மூன்று: நான்கு சுரப்பியையும் நேரில் பார்ப்பது

இது பழைய முறை, ஆனால் பழசாகிப் போன முறை அல்ல. முழு மயக்கத்தில், கழுத்தின் முன்புறம் 4 முதல் 6 சென்றிமீற்றர் வெட்டி, இரு பக்கமும் நான்கு சுரப்பியையும் கண்ணால் பார்த்து, பெருத்ததை எடுத்து, நல்லதை விட்டுவிடுவார்கள். ஸ்கான் எதுவும் காட்டாவிட்டாலும், ஸ்கான்கள் ஒன்றோடொன்று முரண்பட்டாலும், மேசையில் பி.ரி.எச். பார்க்க வசதி இல்லாவிட்டாலும் இந்த முறை கைகொடுக்கும். பழகிய கையில் இதுவும், தெளிவான ஸ்கானோடு செய்யும் சின்ன வெட்டும், நூற்றில் 95க்கு மேல் வெற்றி தருகின்றன. வருடங்கள் கழித்து நோய் திரும்புவது சின்ன வெட்டில் சற்றுக் கூட என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதும் உண்டு. கரு வளரும்போது கீழ்ச் சுரப்பிகள் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பியோடு சேர்ந்து இறங்கி வருகின்றன. சில வேளை நெஞ்சுக்குள்ளேயே போய் நின்றுவிடும். அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் சார்ள்ஸ் மார்ட்டெலின் கதை மருத்துவ வரலாற்றில் இதற்காகவே நிற்கிறது. எலும்பு கரைந்து அரை அடிக்கு மேல் உயரம் குறைந்துபோன அவருக்கு 1926இல் தொடங்கி ஆறு சத்திரசிகிச்சையில் கட்டி கிடைக்கவில்லை. 1932இல் ஏழாவதில்தான் நெஞ்சுக்குள் கண்டார்கள். அதே ஆண்டே சிறுநீரகக் கல் சிக்கலில் அவர் இறந்துபோனார். இன்று ஸ்கான் இருப்பதால் அந்த அலைச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. என்றாலும் இடம் மாறிய சுரப்பியைத் தேடும் அறிவு இன்றும் கையில்தான் இருக்கிறது.

இதன் செலவு: மயக்க நேரம் கூட, இரு பக்கத்துக் குரல் நரம்புக்கும் அருகில் கை போகிறது, சத்திரசிகிச்சைக்குப் பின் கல்சியம் தற்காலிகமாக இறங்குவது சற்றுக் கூட. நிரந்தரக் குரல் சேதம் தேர்ந்த கையில் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஆசிரியர், கோணேசர் சந்நிதியில் தேவாரம் ஓதுபவர், பள்ளியில் பாங்கு சொல்பவர் என்று குரலை நம்பியிருப்பவர்கள் அந்த ஒன்றையும் கேட்டு அறிய வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் குரல் நாணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னர் தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்கு அது கட்டாயம்.

யாருக்குப் பொருத்தம்: ஸ்கான் தெளிவில்லாதவருக்கு, குடும்பத்தில் இந்த நோய் உள்ளவருக்கு, லிதியம் நீண்டகாலம் எடுத்தவருக்கு, ஒரே நேரத்தில் தைரொயிட்டிலும் சத்திரசிகிச்சை தேவைப்படுபவருக்கு. குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே நோயோ, இளவயதில் திரும்பத் திரும்பக் கல்லோ இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே நான்கு சுரப்பியும் கெட்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

| பார்க்க வேண்டியது | கண்காணிப்பு | சின்ன வெட்டு | நான்கும் பார்ப்பது |
|---|---|---|---|
| நோய் தீருமா | தீராது, தள்ளிப்போகும் | தெளிவான ஸ்கான் இருந்தால் 95% க்கு மேல் | பழகிய கையில் 95% க்கு மேல் |
| ஸ்கான் | எலும்பு ஸ்கான் | இரண்டு வகையாவது வேண்டும் | உதவும், தெளியாவிட்டாலும் செய்யலாம் |
| மயக்கம் | இல்லை | பகுதி விறைப்பும் போதலாம் | முழு மயக்கம் |
| தங்குவது | இல்லை | ஓர் இரவு | ஓரிரு இரவு |
| ஒளிந்திருக்கும் செலவு | வருடாவருடம் பரிசோதனை, மெலியும் எலும்பு | ஸ்கான் பயணம், நடுவில் பெரிய வெட்டாக மாறினால் கூடும் கட்டணம் | கூடுதல் ஓய்வு, கல்சிய மாத்திரை |

மற்ற வழிகள், சுருக்கமாக

கமக்கட்டு வழியாகவும் வாய்க்குள் உதட்டின் உட்புறம் வழியாகவும் தழும்பே தெரியாமல் செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. அழகுக்கு மட்டும் அவற்றைத் தேடிப் போக நான் சொல்லமாட்டேன். பழகிய நிபுணர்கள் குறைவு, செலவு கூட. ஊசி வழியாகச் சுரப்பியைச் சுட்டு அழிக்கும் முறை, மயக்கமே தாங்கமாட்டாத சிலருக்கானது. அழித்த சுரப்பி பரிசோதனைக்குக் கிடைக்காது, நோய் திரும்பும் வாய்ப்பும் உண்டு.

எங்கே, யாரிடம்

வெட்டின் வகையைவிட இதுதான் பெரிய முடிவு என்பது என் உறுதியான நிலை. வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்பவரின் சின்ன வெட்டைவிட, வருடம் முழுக்கச் செய்பவரின் பெரிய வெட்டு பாதுகாப்பானது. பல ஆய்வுகள் வருடத்துக்கு 10 என்ற எண்ணிக்கையை ஓர் எல்லையாக எடுக்கின்றன. "ஐயா, வருசத்துக்கு எத்தனை பராதைரொயிட் செய்வீங்க?" என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. நல்ல நிபுணர்கள் இதற்குக் கோபிப்பதில்லை.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். திருகோணமலையிலிருந்து அனுப்புக் கடிதத்தோடு மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு என்று நான்கு திசையிலும் போதனா மற்றும் தேசிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. எந்த வைத்தியசாலையில் இதில் தேர்ந்தவர் இருக்கிறார் என்பது நிபுணர்களின் இடமாற்றத்தோடு மாறும். போன வருடம் ஒருவருக்கு நல்லபடி நடந்தது என்பதற்காக அதே இடத்துக்கு ஓடாமல், இப்போது யார் இருக்கிறார் என்று கிளினிக்கில் விசாரியுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம். கல்சியம் மிதமாக இருந்து தொந்தரவு குறைவானவருக்குச் சில மாதக் காத்திருப்பு கெடுதல் செய்யாது. அந்த மாதங்களில் விற்றமின் டி குறைவைச் சரி செய்யலாம். வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் அந்தக் குறைவு சாதாரணம்.

தனியாரில் திகதி சீக்கிரம் கிடைக்கும். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், அறை, மேசையில் பார்க்கும் பி.ரி.எச்., எடுத்த சுரப்பியின் திசுப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கிறதா, சின்ன வெட்டு நடுவில் நான்கு சுரப்பித் தேடலாக மாறினால் எவ்வளவு கூடும் என்றும் கேளுங்கள். சம்மதப் படிவத்தில் அப்படி மாறுவதற்கான அனுமதியும் சேர்ந்தே இருக்கும். பணத்துக்குப் பயந்து அதற்கு மறுத்துவிட்டு மேசையில் படுப்பது சரியல்ல.

"காலையில் வந்து மாலையில் போகலாம்" என்பது கொழும்பில் வீடு உள்ளவருக்கு. அன்றிரவே இரவு மெயிலிலோ, கந்தளாய் வழி பஸ்ஸிலோ ஏற வேண்டாம். கழுத்துக்குள் இரத்தம் கசிந்து மூச்சை அடைக்கும் ஆபத்து அரிது, ஆனால் அது வருவது பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்தில்தான். ஹபரணைக் காட்டுப் பாதையில் அது வந்தால் யார் கையை வைப்பது? வைத்தியசாலையிலோ, அதற்குப் பக்கத்திலோ குறைந்தது அந்த இரவு தங்குவதற்குக் கணக்குப் போட்டுப் போங்கள். துணைக்கு வருபவருக்கும் சேர்த்து.

டயலிசிஸ் செய்கிறவர்களின் கணக்கு வேறு

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நான்கு சுரப்பியும் சேர்ந்தே பெருக்கும். காரணம் சுரப்பியில் இல்லை, பொஸ்பேற் தேங்குவதிலும் விற்றமின் டி செயற்படாததிலும் இருக்கிறது. பதவி ஸ்ரீபுர பக்கத்தில் சிறுநீரக நோய் எவ்வளவு குடும்பங்களை வாட்டுகிறது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இவர்களுக்கு முதலில் மருந்துதான். மருந்துக்கு அடங்காமல் எலும்பு நோவும் தாங்கமுடியாத சொறிவும் தொடர்ந்தால் சத்திரசிகிச்சை. சின்ன வெட்டு இங்கே பேச்சுக்கே இல்லை.

இங்கே தெரிவு இரண்டு. மூன்றரைச் சுரப்பியை எடுத்து அரைச் சுரப்பியைக் கழுத்திலேயே விடுவது ஒன்று. நான்கையும் எடுத்து, ஒரு சிறு துண்டை முன்கைத் தசைக்குள் நடுவது மற்றது. சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்களுக்கு முதலாவதைப் பலர் விரும்புகிறார்கள், ஏனெனில் மாற்றுக்குப் பிறகு கல்சியம் அடியோடு இறங்கிப்போவதைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவதில் நோய் திரும்பினால் கழுத்தைத் திறக்காமல் கையில் இருப்பதைக் குறைக்கலாம். நடுவது டயலிசிஸ் ஃபிஸ்டுலா இல்லாத கையில் இருக்க வேண்டும். எந்தக் கை என்று தியேட்டருக்குப் போகுமுன் நீங்களும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். எந்த வகையானாலும் இவர்களுக்குப் பின்னர் கல்சியம் பயங்கரமாக இறங்கும், நாள் கணக்கில் சேலைன் வழியாகக் கல்சியம் ஏற்ற வேண்டி வரும். நீண்ட தங்கலுக்குத் தயாராகப் போங்கள்.

ஊருக்கு வந்த பிறகு

பட்டினி கிடந்த எலும்பு கல்சியத்தை இழுத்துக்கொள்ளத் தொடங்குவதால், இரத்தக் கல்சியம் மிகக் கீழே இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள். அதாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது. மூதூரிலிருந்து ஒரு ராத்தா தூரத்து வைத்தியசாலை ஒன்றில் செய்துகொண்டு வந்தார். மூன்றாம் நாள் எங்கள் வார்ட் வாசலில் வந்து நின்று, "மிஸ், உதடு சுள்சுள்ளென்று குத்துது, விரல் மடங்கிக்கொள்ளுது, குளிர் பிடிச்சிருக்குமா?" என்று கேட்டார். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் மெல்லத் தட்டினேன், உதட்டோரம் துடித்தது. கல்சியம் ஏற்றி ஒரு மணித்தியாலத்தில் கை விரிந்தது. வெளியேறும்போது கொடுத்த மாத்திரையை அவர் சத்து மாத்திரை என்று நினைத்து விட்டுவிட்டிருந்தார்.

எனவே வெளியேறும் கடிதத்தோடு மூன்று விஷயங்களை வாங்கிக்கொண்டு வாருங்கள். கல்சிய மாத்திரை எத்தனை, எத்தனை நாள். உதடு, விரல் நுனி சுள்ளென்றால் எத்தனை கூடுதலாகப் போடலாம். எந்த நாளில் கல்சியம் பரிசோதிக்க வேண்டும். விரல் மடங்கினாலோ, தசை இறுகினாலோ மாத்திரையோடு காத்திருக்காமல் கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை என்று பக்கத்து வைத்தியசாலைக்குப் போய், "பராதைரொயிட் எடுத்தது" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். கழுத்து வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே போக வேண்டும். தைரொக்சின் மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் கல்சியத்துக்கும் நடுவே நான்கு மணித்தியாலம் விடுங்கள். வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோல் எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், கல்சியம் காபனேற்று உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

எலும்பு அடர்த்தி அடுத்த ஓரிரு வருடத்தில் ஏறத் தொடங்கும், புதிய கல் வருவது குறையும். களைப்பும் மனச்சோர்வும் சிலருக்குக் கிழமைக் கணக்கில் விலகுகின்றன, சிலருக்குப் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அதை மட்டும் எதிர்பார்த்து மேசையில் ஏறுகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்வது நியாயம்.

காயம் ஆறியது குணமானதற்கு அடையாளம் அல்ல. ஆறாம் மாதத்தில் கல்சியம் சாதாரணமாக இருந்தால்தான் குணம் என்று எழுதுவார்கள். அதற்குள்ளேயே திரும்பக் கூடினால் முதலில் எடுத்தது போதவில்லை, பிறகு கூடினால் நோய் மீண்டது. இரண்டாம் முறை கழுத்தைத் திறப்பது முதல் முறையைவிடக் கடினம், நரம்புக்கு ஆபத்தும் கூட. அந்த நிலையில் அவசரப்படாமல் இரத்தமும் சிறுநீரும் ஆரம்பத்திலிருந்து திரும்பப் பார்த்து, ஸ்கான்களைப் புதிதாக எடுத்து, இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் மட்டும் போங்கள். அந்த ஆறாம் மாதப் பரிசோதனையை ஊரிலேயே செய்யலாம். திகதியை வெளியேறும் நாளிலேயே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.